டொக்டர் கடைசியாக எப்போது படித்தார்?

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ், மயிலம்பாவெளியைக் கழிந்ததும் தன்னாமுனைக்கு வரும். அந்த இடம் வந்தால் நான் வாவிப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே ஒரு வீட்டு வேலியோரம் ஒரு தோணி கவிழ்த்தபடி கிடக்கிறது. பஸ்ஸிலிருந்து அது தெரியாது. என்றாலும் பார்க்கிறேன்.

அந்தத் தோணிக்குச் சொந்தக்காரர் என் மூத்தாப்பாவின் முல்லைக்காரர். மாரியில் மூத்தாப்பாவின் வயல், மற்ற நாட்களில் வாவியில் மீன்பிடி. நாங்கள் பிள்ளைகள் அவரைத் தோணிக்கார மாமா என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறில் எல்லாம் அறுந்துபோய், இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்க்கப் பயந்திருந்த காலத்துக்குப் பிறகு முதலில் எங்கள் வாசலுக்கு வந்தவர் அவர்தான் என்று உம்மா சொல்லுவா. "என்ன போடியார், வயலைக் காடாகவே விடப்போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாராம்.

நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், மாரியில், அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து மூத்தாப்பாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே வட்டையில் நின்று வரம்பு கட்டியவர்கள். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். இரண்டு பேரும் போனது ஒரே டொக்டரிடம்.

அந்த டொக்டரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிளினிக் இருக்கும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அவர் மோசமான வைத்தியர் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சண்டைக் காலத்தில் மற்றவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனபோது அவர் போகவில்லை. காசில்லாதவரிடம் காசு கேட்டதில்லை. தமிழர், முஸ்லிம் என்று பார்த்ததுமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வைத்தியக் கல்லூரியை விட்டு வந்தவர். அன்று படித்ததில் எதையும் அவர் மறக்கவில்லை. மாரிக் காய்ச்சல் என்றால் மலேரியா, எலிக்காய்ச்சல், டெங்கு, நெஞ்சுச் சளி. சளி இழுத்துக்கொண்டே போனால் கசம். இந்த ஒழுங்கில்தான் யோசித்தார், மருந்து கொடுத்தார். மாமாவுக்குக் காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருந்தது. ஐந்தாம் கிழமை இறந்துபோனார். அவருடைய இரத்தத்தை யாரும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவில்லை.

மூத்தாப்பா பிழைத்ததற்குக் காரணம் ஒரு தற்செயல். டொக்டர் குடும்பத்தில் ஒரு கலியாணம். கிளினிக் நான்கு நாள் பூட்டு. வாப்பா வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வார்டில் நின்றவர் உள்ளகப் பயிற்சியில் இருந்த ஒரு இளம் டொக்டர், பெண். கட்டிலருகே வந்து இரண்டு கேள்வி கேட்டா: "ஐயா வயல் செய்றவரா? சீனி இருக்கா?" இரண்டுக்கும் ஓம் என்றதும் வேறு மருந்து ஏற்றுவதற்கு முன்பே இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினா. சில நாளில் அங்கிருந்து தொலைபேசி வந்தது. நோயின் பெயர் மெலியோய்டோசிஸ்.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்போது நான் மூன்றாம் வருட மருத்துவ மாணவி. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். இது மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா. வயல்மண் அதற்குப் பிடித்த இடம். காலில் உள்ள வெடிப்பு வழியாக, கீறல் வழியாக உள்ளே போகும். மழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சோடும் போகும். சுகதேகியை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நீரிழிவு உள்ளவரைத்தான் தேடிப் பிடிக்கும். நுரையீரலில் இருந்தால் நியூமோனியா போலவும் கசம் போலவும் தெரியும். ஈரலில், மண்ணீரலில், மூட்டில் சீழ்க்கட்டியாகவும் வரும். கிளினிக்குகளில் வழக்கமாகப் போடும் பெனிசிலின், ஜென்டமைசின் எல்லாம் இதனிடம் எடுபடாது. செப்டசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். பிறகு கொட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம். குளிசையை இடையில் விட்டால் நோய் திரும்ப வரும்.

இது புதிய நோயுமல்ல. 1911இல் ரங்கூனில் விற்மோர் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்து, அடுத்த வருடம் எழுதி வெளியிட்டார்கள். (விற்மோரின் பெயரை நோய்க்கே வைத்தார்கள். கிருஷ்ணசாமியை உலகம் மறந்துவிட்டது.) இலங்கையில் முதல் நோயாளியைப் பற்றி எழுதப்பட்டது 1927இல், அவர் ஒரு ஐரோப்பியர். அதற்குப் பிறகு இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செய்தி வந்தது. எனவே இது தாய்லாந்தின் நோய், வட அவுஸ்திரேலியாவின் நோய் என்று பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்தது. எண்பதுகளில் படித்த ஒருவர் அதை அப்படித்தான் படித்திருப்பார், படித்திருந்தால்.

2006க்குப் பிறகு சிலர் தேடத் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் நுண்ணுயிரியல் நிபுணர்களான இரண்டு பெண்கள்: கொழும்பு மருத்துவ பீடத்தின் எனோகா கொரேயா, பேராதனையின் வசந்தி தேவநேசம். ஆய்வுகூடங்களில் 'ஏதோ கலப்படம்' என்று எறியப்பட்டுக்கொண்டிருந்த பற்றீரியாவை எறியாமல் அனுப்பும்படி ஆஸ்பத்திரிகளைக் கேட்டார்கள். 2014 வரை 32 நோயாளிகள் உறுதியானார்கள். பிறகு எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. கிழக்கும் அந்தப் படத்தில் இருக்கிறது. நோய் திடீரென்று பரவவில்லை. அது நம் வயலில் எப்போதும் இருந்தது. பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2016இல் வந்த ஓர் உலகளாவிய கணிப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் சொன்னது. பல நாடுகளில் இது கண்டறியப்படாமலே போகிறது என்றும் அதே கணிப்பு சொன்னது.

நான் இங்கே சொல்ல வருவது இந்த நோயைப் பற்றியல்ல. ஒரு வைத்தியர் பரீட்சை எழுதி முடித்த பிறகு அவருடைய நோயாளியின் ஊரைப் பற்றியே புதிய உண்மை ஒன்று தெரியவருகிறது. அது அவரிடம் எப்படிப் போய்ச் சேரும்? என் கேள்வி அதுதான்.

அந்த இளம் டொக்டர் இப்போது வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறா. இலக்கம் தேடி எடுத்து, "உங்களுக்கு எப்படி அந்த இரண்டு கேள்வியும் தோன்றியது?" என்று கேட்டேன். சிரித்தா. பாடப்புத்தகத்திலிருந்தல்லவாம். மூத்தாப்பா வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானக் கூட்டம் நடந்ததாம். நுண்ணுயிரியல் டொக்டர் ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, எங்கே எங்கே தவறவிட்டோம் என்று காட்டினாராம். "ஒரு மணித்தியாலம், ஒரு பிளேன்டீ, இரண்டு பற்றிஸ். நான் பாதி நேரம் தூங்கிட்டன். அந்த இரண்டு கேள்வி மட்டும் மனசில நின்டுட்டு" என்றா.

கிளினிக் டொக்டரை அந்தக் கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "வெளி டொக்டர்மாரையா? இல்லையே" என்றா. அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வந்திருக்கவில்லை.

இதை எழுதும்போது பக்தாத்தில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. கி.பி. 931இல் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துபோன செய்தி கலீபா அல்முக்ததிருக்குப் போனது. உடனே, நகரில் வைத்தியம் பார்க்கும் எல்லோரையும் பரீட்சித்த பிறகே தொழில் செய்ய விடவேண்டும் என்று உத்தரவிட்டார். பொறுப்பு சினான் இப்னு தாபித் என்ற வைத்தியரிடம் கொடுக்கப்பட்டது. எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் பரீட்சிக்கப்பட்டதாக இப்னுல் கிப்தியின் வைத்தியர் வரலாறு சொல்கிறது. மாணவர்களுக்கு வைத்த பரீட்சை அல்ல இது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு வைத்தது. இதில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்றுண்டு. பெரும் பெயர் எடுத்தவர்களுக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். பெயர் எடுத்தவரைப் பரீட்சிக்கக் கூச்சப்படும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இன்னொன்று இப்னு நபீஸ். இப்னு சீனாவின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுத உட்கார்ந்தவர், இதயத்தின் இரு அறைகளுக்கு இடையில் துவாரம் இருக்கிறது என்று காலென் சொன்னதை மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று எழுதினார். 1288இல் இறந்தார். அந்த உரையை நம் காலத்தில் திரும்பக் கண்டது 1924இல், பேர்லினில் ஒரு கையெழுத்துப் பிரதியாக. நாம் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அது ஒரு துக்கமான கதை. உண்மை எழுதப்பட்டிருந்தது, கட்டிலருகே நின்ற வைத்தியர்களில் அதை அறிந்தவர் எத்தனை பேர்?

இன்று மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரித்தானியாவில் 2012 டிசம்பரிலிருந்து ஒரு வைத்தியர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, தான் தொடர்ந்து கற்கிறார், தகுதியோடு இருக்கிறார் என்று காட்டினால்தான் தொழில் அனுமதி நீடிக்கும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் ஒழுக்கவிதி ஐந்து வருடத்தில் 30 மணித்தியாலத் தொடர்கல்வியைக் கேட்கிறது. இலங்கை இதில் பிந்திப் பிறந்த நாடல்ல. நம் மருத்துவச் சங்கம் 1887இல் தொடங்கியது. அதன் சஞ்சிகைக்கும் அதே வயது. பாம்புக்கடிக்கு அந்தச் சங்கம் வெளியிட்டுத் திருத்திவரும் வழிகாட்டி எத்தனையோ வயற்காரரின் உயிரைக் காத்திருக்கும். கூட்டம், சஞ்சிகை, வழிகாட்டி எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேடிப் போவது நீண்ட காலமாக வைத்தியரின் மனச்சாட்சிக்கு விடப்பட்ட விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. மனச்சாட்சி உள்ளவர் போவார். களைத்தவர் போகமாட்டார். தனியே கிளினிக் வைத்திருப்பவருக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது.

அனுபவம் போதாதா என்று எங்கள் வாப்பாவே கேட்டார். "நாற்பது வருசம் பார்த்த கை மகள்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2005இல் அமெரிக்காவில் சௌத்ரியும் மற்றவர்களும், அனுபவ வருடங்களையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 32, பார்த்த எல்லா அம்சங்களிலும், வருடம் கூடக் கூடத் தரம் இறங்கியதைக் காட்டின. கை பழகும், உண்மைதான். ஆனால் பழகிய பாதையிலேயே போகும்.

ஆகவே தொடர்கல்வி கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ளவருக்கு மட்டுமல்ல, பின்னேரக் கிளினிக்காரருக்கும், ஓய்வு பெற்று வீட்டு முன்னறையில் பார்ப்பவருக்கும். பதிவைப் புதுப்பிப்பது என்றால் படிவமும் கட்டணமும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. கற்றதற்குச் சான்று கேட்கவேண்டும்.

ஆனால் 'கட்டாயம்' என்ற சொல்லை எழுதும்போதே என் சீனியர் ஒருவரின் முகம் தெரிகிறது. காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வருகிறார், இரவு கடமை முடிந்து அடுத்த நாள் மத்தியானம்தான் போகிறார். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் விட்ட வேலையையும் இருப்பவர்கள்தான் இழுக்கிறார்கள். அவரிடம் போய், கொழும்பில் சனிக்கிழமை விரிவுரை, வந்து கையெழுத்து வை என்றால் வைப்பார். மண்டபத்தின் பின்வரிசையில் தூங்குவார். அதில் அவருடைய பிழை என்ன இருக்கிறது? 1999இல் டேவ் டேவிஸ் என்பவரும் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டிருக்கும் விரிவுரை மட்டும் வைத்தியரின் நடைமுறையை மாற்றியதாகத் தெரியவில்லை. நோயாளியின் கதையை வைத்துப் பேசுவது, செய்து பழகுவது, கேள்வி கேட்பது, இவை மாற்றின. நோயாளியின் கதையை வைத்துப் பேசிய அந்த மத்தியானக் கூட்டத்தில் பாதி தூங்கிய டொக்டருக்கே இரண்டு கேள்வி மிஞ்சியது எனக்கு இதனால் ஆச்சரியமாகப் படவில்லை.

காசு விஷயம் ஒன்றும் உண்டு. உலகம் முழுக்க டொக்டர்மாரின் கூட்டங்களுக்குப் பெரும் செலவு செய்வது மருந்துக் கம்பனிகள். புதிய மாத்திரை பற்றிச் சொல்லித்தர ஹோட்டல் மண்டபம் எடுப்பார்கள். ஐம்பது வருடப் பழைய கொட்ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதம் விடாமல் கொடுங்கள் என்று சொல்லித்தர எந்தக் கம்பனி மண்டபம் எடுக்கும்? வயல்மண்ணில் உள்ள பற்றீரியாவுக்கு விற்பனைப் பிரதிநிதி இல்லை. எனவே இந்தக் கல்வியின் செலவை அரசாங்கமும் மருத்துவ பீடங்களும்தான் ஏற்கவேண்டும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. போதனா வைத்தியசாலை இருக்கிறது. நோயாளிகளும் இங்கேதான் இருக்கிறார்கள். ஐப்பசியில் விதைப்புத் தொடங்கும் முன் ஒரு பின்னேரம், மாவட்டத்தில் கிளினிக் வைத்திருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு, போன மாரியில் வந்த காய்ச்சல்களில் எவை தவறின என்று பேசலாம். எலிக்காய்ச்சலை இன்று வயற்காரர் எல்லோருக்கும் தெரியும். 2008இல் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்ட பிறகு, சுகாதாரப் பரிசோதகர் வரம்புவரை வந்து சொல்லித்தந்ததால் தெரியும். மெலியோய்டோசிஸுக்கும் அத்தனை பேர் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நோயாளிகளாகிய நமக்கும் ஒரு பழக்கம் உண்டு. டொக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம். பெண்கள் இன்னும் அதிகமாக நினைப்போம். மூத்தம்மா இரண்டு கிழமை மூத்தாப்பாவோடு கிளினிக்குக்குப் போய் வந்தா. "இவர் வயலில நின்டவர்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. டொக்டர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம். இதை வாசிக்கும் தங்கைமாரில் பலரின் வீட்டில் வயல் இருக்கிறது, சீனிக் குளிசைப் பெட்டியும் இருக்கிறது. அந்த இரண்டையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

மூத்தாப்பா குணமாகி வந்த பிறகு அவரோடு தன்னாமுனைக்குப் போனேன். மாமாவின் மனைவி பாய் விரித்து இருக்கச் சொன்னா. மூத்தாப்பா ஒன்றும் பேசவில்லை, தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "எங்கட ஆளுக்கும் அதுதானா மகள்?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. இரத்தம் எடுக்காதபோது இனி யாராலும் சொல்ல முடியாது. அது வேறு ஏதாவது காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். இதை அவவிடம் சொல்லுவதை விட, அதுதான் என்று சொல்லுவது சுலபமாக இருந்திருக்கும்.

போன மாதம் நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். நோயாளியாக அல்ல. மெலியோய்டோசிஸ் பற்றிய நான்கு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். பயமாகத்தான் இருந்தது, என்னைச் சின்ன வயதில் தடுப்பூசி போட்டு அழவைத்தவர் அவர். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான்கு பக்கத்தையும் அங்கேயே வாசித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். வாசித்து முடித்துத் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"தன்னாமுனை ஆள் ஒருத்தர்... தோணி வச்சிருந்தவர்" என்றார்.

"ஓம் டொக்டர்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாள்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "இந்த மாதிரிக் கூட்டம் எப்ப நடக்கும்? எனக்கு ஆரும் சொல்றதில்லையே பிள்ளை" என்றார்.

வெளி வைத்தியர்களையும் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மூத்தாப்பா விதைநெல் பார்க்கத் தொடங்கிவிட்டார். மாரிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.